பைப்பிங்குக்குள் ஒரு சாண் கம்பி

ரிமோட் நொறுங்கிய பிறகுதான் ரங்காத்தாளின் கார் நின்றது.

அது தொண்ணூற்றாறாம் வருடம், ஆனி மாதத்து மாலை. மங்கலம் ரோட்டிலிருந்து தன் வீட்டுச் சந்துக்குள் மாருதியைத் திருப்பினாள். டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த ஷட்டர் ரிமோட் வழுக்கிக்கொண்டு வந்து காலடியில் விழுந்து, நேராக பிரேக்குக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. மிதித்தாள். பிரேக் இறங்கவில்லை. எதிரே கார் ஷெட்டின் ஷட்டர் மூடியிருந்தது. உடம்பின் பாரம் மொத்தத்தையும் வலது காலில் போட்டு இன்னொரு மிதி மிதித்தாள். காலுக்குக் கீழே முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக் பிடித்தது. வண்டியின் மூக்குக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சம் இருந்தது.

ரங்காத்தாளுக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போயிற்று. இரும்புப் பட்டை வைத்த காலிபர் ஷூ இல்லாமல் அந்தக் காலை ஊன்ற முடியாது. காங்கேயம் ரோட்டில் பதினான்கு மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் குழந்தைத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் கிளட்சைக் கைக்கு மாற்றச் சொல்லி இந்த வண்டியை வாங்கினாள். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் கிளட்ச். ஓட்டுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் கிடையாது. சிரமமெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். வண்டியை நிறுத்தி, காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, தடியை ஊன்றி நடந்து, குனிந்து பூட்டைத் திறந்து, கொக்கி மாட்டி ஷட்டரைத் தூக்கி, திரும்பி வந்து ஏறி, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூட வேண்டும். ஹாரன் அடித்தால் எதிர்வீட்டு தெய்வாத்தாள் ஓடி வந்து தூக்கி விடுவாள். நல்ல மனுஷி. ஆனால் அடுப்பில் கிடப்பதை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடி வருவதைக் காரில் உட்கார்ந்து பார்ப்பது ரங்காத்தாளுக்கு மழையில் நனைவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் வெள்ளியங்கிரி அவளுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். உள்ளே ஒரு ரிசீவரும் இரண்டு ரிமோட்டும். “அங்க ஆரும் கதவத் தொறக்கறதுக்குன்னு எறங்கறதே இல்லீங்க்கா” என்றான். தாராபுரம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ராசப்பனிடம் பெட்டியைக் கொடுத்தாள். அவன் சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட கியர் மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஷட்டரின் உருளையோடு சங்கிலி போட்டு இணைத்து, ரிசீவருக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மரும் சுற்றி, ஒரே வாரத்தில் ஷட்டரை ஏறி இறங்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து ஐந்து மாதம் ரங்காத்தாள் ராணி மாதிரி வந்து போனாள்.

ரிமோட்டை எங்கே வைப்பது என்பதுதான் தீராத தொல்லையாக இருந்தது. அதன் கிளிப்பை சன்வைசரில், அதாவது முன்கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு இறக்கி விடும் மடக்குப் பலகையில், மாட்டிப் பார்த்தாள். யூனிட் ஊருக்குக் கிழக்கே, வீடு மேற்கே. சாயங்காலம் திரும்பி வரும்போது வழி நெடுக முகத்துக்கு நேரே வெயில். வைசரை இறக்கினால் ரிமோட் கண்ணுக்கு எதிரே தொங்கி ரோட்டை மறைத்தது. அதனால் டேஷ்போர்டில் வைத்தாள். அது இப்படி ஆயிற்று.

பீரோவில் இன்னொரு ரிமோட் இருந்தது. அதுவே கடைசி.

விஷயம் அண்ணன் ஆத்தப்பனுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் பெரிய பனியன் கம்பெனிக்காரர். தங்கையின் மேல் உயிர். வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“போதும் அம்மிணி. நீ ஓட்டுனதெல்லாம் போதும். திங்கக்கெழமை காலைல ஒரு டிரைவர அனுப்பறன். நம்பிக்கையான ஆளு.”

“எனக்கு டிரைவர் வேண்டாங்ண்ணா.”

“பிரேக்குக்கு அடியில சாமான் போயி மாட்டுது. நாளைக்கு மெயின் ரோட்டுல இப்பிடி ஆனா?”

அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் ஆத்திரமாக இருந்தது. இந்த வண்டி வந்த பிறகுதான், எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று யாரிடமும் சொல்லாமல் அவள் வெளியே கிளம்பியிருக்கிறாள். முப்பத்தாறு வயதுவரை அப்படி ஒரு நாள்கூட அவளுக்கு வாய்த்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, பொங்கலுக்கு வந்த வெள்ளியங்கிரி போகிறபோக்கில் சொல்லிப்போன ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே புதிதாக வரும் சில கார்களில் தனி ரிமோட்டே இல்லையாம். வைசருக்குள்ளேயே பட்டன் வைத்துத் தைத்து வருகிறதாம். கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ராசப்பனின் கடை வாசலில் மாருதி நின்றது.

ராசப்பன் ஒரு லாரியின் டைனமோவுக்குள் தலையை விட்டிருந்தான். நாற்பத்தைந்து வயது. ஆட்டோ எலக்ட்ரிகலுக்கு வருவதற்கு முன்னால் ஈரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் எட்டு வருடம் இருந்தவன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறி வைசரை இறக்கி ஏற்றி, தட்டி, அமுக்கிப் பார்த்தான்.

“உள்ள ஸ்பாஞ்சுதானுங்க. குடைஞ்சு எடுத்தா போர்டு உக்காந்துக்கும். பேட்டரிகூட வேண்டியதில்ல, வண்டிக் கரண்டுலயே ஓட்டிரலாமுங்க. வண்டியில பன்னெண்டு வோல்ட்டு, இதுக்கு ஒம்பதுதான் வேணும். மூணு கால் ஐசி ஒண்ணப் போட்டாக் கொறைச்சுத் தந்துரும்.” அவன் பேச்சு வேகமெடுத்தது. பிறகு நின்றுவிட்டது. “ஆனா ரிமோட்டு ஒண்ணுதான இருக்குது. பிரிச்சப்பறம் போச்சுன்னா போச்சுங்க.”

“போனா டிரைவர் வருவாருங்ண்ணா. பிரிக்காட்டியும் டிரைவர் வருவாரு. ரெண்டும் ஒண்ணுதான்.”

ராசப்பன் சிரித்தான். “இன்னொண்ணுங்க. வைசரோட உறையக் கிழிச்சா என்னால மூட முடியாது. எனக்கு ஊசியே புடிக்கத் தெரியாதுங்க.”

“உங்க ஊட்டுல என்ன வேலைங்ண்ணா பாக்கறாங்க?”

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் மனைவி மாரக்காள் ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாக டெய்லர்.

“ஞாயித்துக்கெழமை லீவுங்க. கூட்டியாறன்” என்றான்.

ஞாயிறு காலை இருவரும் மொபெட்டில் வந்து இறங்கினார்கள். மாரக்காள் ஒல்லியான, அதிகம் பேசாத பெண். ரங்காத்தாள் கொடுத்த காப்பியைக் குடிக்கும் முன்பே கழற்றி வைத்திருந்த வைசரைக் கையில் எடுத்து, விளிம்பை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள்.

“இது தச்சதில்லீங்கம்மா. சூடு வச்சு ஒட்டுனது” என்றாள். “பிரிச்சா மறுக்காப் பழையபடி ஒட்டாது.”

“மெதுவா ஒரு ஓரத்த மட்டும் கீறிப் பாக்கறன்” என்று ராசப்பன் பிளேடை வைத்தான். வருடக்கணக்கில் வெயிலில் வெந்த ரெக்சின் அது. ஓரத்தில் கீறியதும் கீறல் தானாக நடுவரைக்கும் ஓடி, அப்பளம் மாதிரி நாலு துண்டாக விட்டுப்போயிற்று. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ராசப்பனின் காது சிவந்துவிட்டது.

“போகட்டும் உடுங்க” என்றாள் மாரக்காள். “இந்தத் துண்டையே அச்சா வச்சு வேற உறை தச்சரலாம். ஏனுங்கம்மா, கட்டிங் வேஸ்ட்டுல கெட்டியான துணி ஏதாச்சும் கெடக்குதுங்களா?”

சாம்பிள் தைப்பதற்காக ரங்காத்தாளின் வீட்டிலேயே ஒரு பவர் மெஷினும் இரண்டு மூட்டைத் துண்டுத் துணியும் உண்டு. மாரக்காள் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, சாம்பல் நிற இன்டர்லாக் துணி ஒன்றை இழுத்து எடுத்தாள். குளிர்காலச் சட்டைக்கு வந்த துணி. நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

“ரெக்சினவிட இது மேலுங்க. இழுத்து மாட்டுனா ஒடம்போட ஒட்டி நிக்கும்.”

அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் யாரும் சும்மா இருக்கவில்லை. ராசப்பன் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் ரிமோட்டை வைத்து, நாலு ஸ்குரூவையும் கழற்றினான். உள்ளிருந்த போர்டு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மூச்சு படாமல் அதைத் தூக்கி, சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் பற்றவைத்தான். பற்றவைக்கும் நேரம் முழுக்க ரங்காத்தாள் காலிபர் காலை நீட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி பேட்டரியோடு ஒயரை இணைத்து, ராசப்பன் பட்டனைத் தொட்டான். ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. மறுபடி தொட்டான். இறங்கியது.

“உசுரு இருக்குதுங்க” என்றான்.

பட்டன் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதில் ரங்காத்தாள் விடாப்பிடியாக இருந்தாள். சீட்டில் உட்கார்ந்து, வெற்று வைசரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கி ஒரு விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் மாரக்காள் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தாள். வைசர் மேலே மடங்கியிருக்கும்போது ஒரு தடவை, கீழே இறங்கியிருக்கும்போது ஒரு தடவை. இப்படிப் பத்துத் தடவை. புள்ளிகள் அதிகம் விழுந்தது கீழ் விளிம்பின் வலது மூலைக்குப் பக்கத்தில். “இங்கதானுங்க” என்று மாரக்காள் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “மேல நூல்ல சின்னதா ஒரு மேடு கட்டியுடறன். பாக்காமயே வெரலுக்குத் தெரியும்.”

ஒயர் வைசரோடு சேர்ந்து மடங்கி மடங்கி அறுந்துபோகுமே என்று ராசப்பன் கவலைப்பட்டபோதும் அவளே வழி சொன்னாள். ஒரு துண்டு எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து, அதன் மேல் ஒயரை வளைத்து வளைத்து வைத்துத் தைத்தாள். கையை விட்டதும் எலாஸ்டிக் சுருங்கி, ஒயரும் அதோடு சுருங்கிக்கொண்டது. இனி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ராசப்பன் அதை வாங்கி நாலு தடவை இழுத்துப் பார்த்தான். பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தான்.

மத்தியானம் ஒரு மணிக்கு வைசர் தயாராகி வண்டியில் ஏறியது. சாம்பல் உறைக்குள் போர்டு இருப்பதே தெரியவில்லை. விரலுக்கு மட்டும் அந்தச் சின்ன மேடு. விஷயம் தெரிந்து தெய்வாத்தாளும் இன்னும் நாலைந்து பேரும் சந்தில் வந்து நின்றார்கள். ரங்காத்தாள் வண்டியைப் பின்னால் எடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, சந்து முனைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பட்டனை அமுக்கினாள்.

ஷட்டர் அசையவில்லை.

கொஞ்சம் முன்னால் வந்து அமுக்கினாள். இல்லை. இன்னும் பாதித் தூரம் வந்தாள். இல்லை. வண்டியின் மூக்கு ஷட்டரைத் தொடப்போகும்போது அமுக்கியதற்கு ஷட்டர் வேண்டா வெறுப்பாக ஏறியது.

“தொறந்துதே” என்றாள் தெய்வாத்தாள், ஆறுதலாக.

ஆனால் அது ரங்காத்தாளுக்குப் போதாது. சந்துக்குள் திரும்பும்போதே அமுக்கி, வந்து சேருவதற்குள் ஷட்டர் ஏறியிருக்க வேண்டும். ஐந்து மாதமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். ராசப்பன் பானெட்டின் மேல் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தான். “சூட்டுல போர்டு போயிருச்சோ என்னமோ தெரியலீங்க. என் தப்புத்தான்.”

மாரக்காள் ஒரு சொம்புத் தண்ணீரை அவனிடம் நீட்டினாள்.

“வெள்ளத்துணி மேல வச்சிருந்தப்ப தொறந்துதுங்கல்ல?”

“அது கிட்டத்துல. எட்டத்துல அப்பப் பாக்கவே இல்லியே.”

“அப்ப இப்ப அவுத்து வெளிய வச்சுப் பாருங்க. போர்டு போச்சா, உள்ள போனதால போச்சான்னு தெரிஞ்சுக்கலாம்.”

உறையின் ஒரு பக்கத்தைத் தையல் பிரித்து, போர்டை வெளியே எடுத்து அமுக்கினார்கள். சந்தின் பாதித் தூரத்திலிருந்து ஷட்டர் ஏறியது. ராசப்பன் நிமிர்ந்து நின்றான். வைசரைக் கையில் எடுத்துப் புரட்டினான். ஸ்பாஞ்சைச் சுற்றி உள்ளே ஓடுகிற எஃகுக் கம்பிச் சட்டம் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

“இந்தக் கம்பிங்க” என்றான் மெதுவாக. “வேலி கட்டுனாப்பல சுத்தியும் நிக்குது. சிக்னல வெளிய உடறதில்ல.”

“அத உருவிட்டா வைசர் தொவண்டு போகுமுங்களே” என்றாள் ரங்காத்தாள். சொல்லும்போதே அவளுக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பேட்டர்ன் வெட்டும் தடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தைச் சட்டையின் முன்பக்க அளவு அதில் வரைந்திருந்தது. மாரக்காள் அதன் மேலேயே வைசரின் வடிவத்தை வரைந்து கத்தரித்தாள். கம்பி வெளியே போயிற்று, அட்டை உள்ளே வந்தது. கீல் பக்கத்துக் கம்பி மட்டும் ஒரு துண்டு மிச்சம்.

இப்போது பாதித் தூரத்திலிருந்து திறந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மூன்று மணி ஆகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. தெய்வாத்தாள் ஒரு தூக்குப் போசியில் தக்காளிச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, திட்டிவிட்டுப் போனாள். சாப்பிடும்போது ராசப்பன் எதிர்வீட்டு மொட்டை மாடியில் இருந்த டி.வி. ஆன்டெனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

“ஈரோட்டுல டிரான்சிஸ்டருக்கு ஏரியல் ஒடைஞ்சா ஒரு துண்டு ஒயர நாங்களே வச்சு உடுவமுங்க” என்றான். கை கழுவிய ஈரத்தோடு போர்டில் ஒரு மெல்லிய செம்புக் கம்பியைப் பற்றவைத்தான். ஒரு முழ நீளம். ரிமோட்டின் பழைய பேட்டரியை மாட்டி, போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினான். திறக்கவில்லை, முன்னைவிட மோசம். கம்பியைக் கொஞ்சம் வெட்டினான். ஓடினான். வெட்டினான். ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்து ரங்காத்தாளும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆறாவது தடவை, கம்பி சரியாக ஒரு சாண் இருக்கும்போது, சந்து முனையையும் தாண்டி மங்கலம் ரோட்டின் ஓரத்தில் நின்று ராசப்பன் அமுக்கினான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே அவன் முதுகுக்குப் பின்னால் போனது. ஷட்டர் ஏறியது.

அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ரங்காத்தாள் தடியைத் தூக்கிக் காட்டினாள்.

ஆனால் கம்பியைச் சுருட்டி ஸ்பாஞ்சுக்குள் வைத்ததும் மறுபடி பாதித் தூரம்தான். கம்பி நீட்டமாக, வளையாமல், விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். வெளியே தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் அறுந்துவிடும். ராசப்பன் பசை போடலாமா, டேப் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாரக்காள் வைசரின் மேல் விளிம்பில் சாண் வைத்து அளந்து பார்த்தாள். ஒரு சாண் போக நாலு விரல்கடை மிச்சம் இருந்தது.

“பைப்பிங்குல வச்சுத் தச்சரட்டுங்களா?”

ராசப்பனுக்குப் புரியவில்லை. ரங்காத்தாளுக்கு உடனே புரிந்தது. சட்டைக் கழுத்திலும் கையிலும் ஓரமாக நூல் கயிறு வைத்து உருட்டித் தைக்கிற பட்டிதான் பைப்பிங். அவளுடைய யூனிட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் கழுத்துக்கு அந்த வேலை நடக்கிறது. கயிறு இருக்கும் இடத்தில் கம்பி.

“மாரக்கா, தைங்க” என்றாள். “அந்தச் செகப்பு ரிப்புத் துணிய எடுத்துக்குங்க. தெரியற மாதிரியே இருக்கட்டும்.”

மாரக்காள் மெஷினில் உட்கார்ந்தாள். ஊசி கம்பியில் பட்டால் கம்பி அறும், அல்லது ஊசி உடையும். உருட்டிய பட்டிக்கும் ஊசிக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி விட்டு, பெடலைத் தொட்டும் தொடாமலும், அந்த ஒரு சாண் தூரத்தை அவள் ஒரே மூச்சில் தைத்தாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஐந்தேகால் மணிக்கு ஆத்தப்பனின் அம்பாசடர் சந்தில் வந்து நின்றது. டிரைவர் விஷயத்தை முடிவு செய்துவிட்டுப் போக வந்திருந்தார். ஷெட் முழுக்க ஸ்பாஞ்சுத் துகளும் ஒயரும் கிடந்தன. “என்ன அம்மிணி இது, பஞ்சு மில்லாட்டம்” என்றார்.

“பத்து நிமிசம் இருங்ண்ணா. வண்டிய மட்டும் சித்த ஓரமா நிறுத்திக்குங்க.”

அவள் மாரக்காளை முன் சீட்டில் ஏறச் சொன்னாள். மாரக்காள் தயங்கினாள். “நானுங்களா?”

“நீங்க தச்சது. நீங்க பக்கத்துல இருக்கோணும்.”

வண்டி மங்கலம் ரோட்டில் ஏறி, கிழக்கே கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது. இப்போது எதிரே முழு வெயில். கண்ணாடி பூராவும் வெள்ளையாகக் கூசியது. ரங்காத்தாள் வைசரை இறக்கினாள். சாம்பல் துணியும் சிவப்பு ஓரமும் கண்ணுக்கு மேலே நிழலாக வந்து நின்றன. எதுவும் தொங்கவில்லை, எதுவும் ஆடவில்லை. மாரக்காள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சந்து வந்தது. இடது கை கிளட்சை இழுத்துக் கியரைக் குறைத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கிய கையோடு, வலது கை மேலே போயிற்று. விரல் தேடவே இல்லை. மேடு தானாக வந்து விரலடியில் நின்ற மாதிரி இருந்தது. அமுக்கினாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் மாரக்காள் அவளுடைய கையைப் பிடித்துவிட்டாள்.

பிறகு ஷட்டரின் அடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. கோடு அகலமாயிற்று. மோட்டாரின் உறுமலும் தகரத்தின் கடகடப்பும் சந்து முழுவதும் கேட்டன. ரங்காத்தாள் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. வாசலில் நின்ற ஆத்தப்பன் இரண்டு எட்டுப் பின்வாங்கினார். வண்டி வந்து சேரும்போது ஷட்டர் உச்சியில் போய் நின்றிருந்தது. மாருதி நூல் பிடித்தாற்போல் உள்ளே போய் நின்றது. தெய்வாத்தாள் கை தட்டினாள். ராசப்பன் மொபெட்டின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எங்கீங்கம்மா இருக்குது பட்டன்?” என்று மாரக்காளே கேட்டாள். தைத்தவளுக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. இருவரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போயிற்று.

ஆத்தப்பன் வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். வைசரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

“இதுக்குள்ளயா இருக்குது?”

“ஆமாங்ண்ணா.”

“கீழ உழுகாதா?”

“வைசரே கழண்டு உழுந்தாத்தானுங்க.”

கையை உள்ளே நீட்டினார். “நான் ஒருக்கா அமுத்திப் பாக்கட்டுமா அம்மிணி?” என்றார்.

ஷட்டர் இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது. ஐந்தாவது தடவைக்கு ராசப்பன் பக்கத்தில் வந்து நின்றான். “ஏனுங்க, மோட்டாரு சூடாகுமுங்க” என்றான் பணிவாக. ஆத்தப்பன் மனமில்லாமல் கையை எடுத்தார். டிரைவரைப் பற்றி அன்று பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் காலை போன் பண்ணி, அந்த ஆளைத் தன் கம்பெனி லோடு வண்டிக்குப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். கூடவே, ராசப்பனின் கடை தாராபுரம் ரோட்டில் எந்த இடத்தில் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. ஒரு புதன்கிழமை, ஷிப்மென்ட்டுக்குப் பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டு ரங்காத்தாள் தனியாக வந்துகொண்டிருந்தாள். டவுனில் பள்ளமான இடமெல்லாம் முழங்கால் தண்ணீர். வைப்பர் எவ்வளவு வீசியும் ரோடு தெரியவில்லை. சந்துக்குள் திரும்பி அமுக்கினாள். ஷட்டர் ஏறியது, வண்டி உள்ளே போயிற்று, இன்னொரு தடவை அமுக்கினாள், பின்னால் ஷட்டர் இறங்கி மூடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும். அவள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இறங்கலாம் என்று கதவைத் தொட்டபோது மாரக்காளின் நினைப்பு வந்தது. ஆறு மணிக்குக் கம்பெனி விடும். பஸ் ஓடாது. ராசப்பன் பல்லடத்துக்கு ஏதோ வேலையாகப் போவதாகக் காலையில்தான் சொல்லியிருந்தான்.

வண்டியைக் கிளப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, கையை மேலே கொண்டுபோனாள். ஷட்டர் மழையைப் பார்த்துத் திறந்தது.

கம்பெனி கேட்டுக்கு எதிரே, தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நாற்பது ஐம்பது பெண்கள் நின்றார்கள். ரங்காத்தாள் கண்ணாடியை இறக்கி, கூட்டத்தில் தேடிப் பிடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மாரக்காள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, இந்த மழையில எங்க கெளம்புனீங்க?”

“உங்களக் கூட்டிட்டுப் போகத்தான். ஏறுங்க.”

“ஈரமா இருக்குதுங்களே, சீட்டு நனைஞ்சுருமுங்க.”

“நனையட்டும்” என்றாள் ரங்காத்தாள். “உங்க ஊட்டுப் பக்கம் போற இன்னும் மூணு பேரக் கூப்பிடுங்க. இடம் இருக்குது.”